செர்மாட், லெக் பனிப்பொழிவு ஒப்பீடு

செர்மாட், லெக் ஆகியவை ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் அமைந்துள்ள இரு பனிச்சறுக்குத் தலங்கள் ஆகும். செர்மாட் சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்திலும், லெக் ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க் மாநிலத்திலும் உள்ளன. செர்மாட் ஊர் லெக் ஊரைவிட ஏறத்தாழ 160 மீட்டர் உயரமான இடத்தில் உள்ளது; 4,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் பல அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. எனினும் ஊர் மட்டத்தில் பார்த்தால், ஒரு குளிர்காலத்தில் பொழியும் பனி லெக்கில்தான் மிகுதியாகும். செர்மாட்டில் பொழிவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கோ அதற்கும் மேலோ அங்கு பொழிகின்றது. ஆனால் கோடையிலும் சறுக்கக்கூடிய பனி, செர்மாட்டின் மேற்பகுதியில் மட்டுமே உள்ளது. எவ்வளவு பனி பொழிகின்றது என்பதும், பொழிந்த பனி எவ்வளவு காலம் தங்குகின்றது என்பதும் வெவ்வேறு காரணங்களால் அமைகின்றன. இவ்விரு ஊர்களின் ஒப்பீடு அதனைத் தெளிவாக விளக்கும்.

தமிழில் பனி என்னும் சொல் மார்கழி மாதத்து அதிகாலைப் பனித்துளியையும், மூடுபனியையும், வானிலிருந்து மென்துகள்களாக விழும் வெண்பனியையும் பொதுவாகக் குறிக்கும். இக்கட்டுரையில் பனி என்பது வெண்பனியை மட்டுமே குறிக்கின்றது. உறைந்து கெட்டியான நீர் பனிக்கட்டி எனப்படுகின்றது.

அமைவிடம்

செர்மாட் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,610 மீட்டர் உயரத்தில், மாட்டர் பள்ளத்தாக்கின் தென்கோடியில் அமைந்துள்ளது. 4,478 மீட்டர் உயரமுள்ள மாட்டர்ஹார்ன் சிகரம் ஊருக்குத் தென்மேற்கே உள்ளது. தென்கிழக்கே உள்ள மான்ட்டே ரோசா மலைத்தொகுதியின் உச்சி 4,634 மீட்டர் உயரமுடையது. பனிச்சறுக்குப் பகுதி ஊரிலிருந்து தொடங்கி, 3,883 மீட்டர் உயரத்திலுள்ள சிறு மாட்டர்ஹார்ன் கம்பிவட ஊர்தி நிலையம் வரை செல்கின்றது. ஐரோப்பாவின் மிக உயரமான கம்பிவட ஊர்தி நிலையம் இதுவே. எல்லைக்கு அப்பால் உள்ள இத்தாலியின் செர்வினியா தலத்துடனும் செர்மாட் சறுக்குப் பாதைகளால் இணைக்கப்பட்டுள்ளது.

லெக் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில், லெக் ஆற்றின் மேற்பகுதியில் அமைந்துள்ளது. இவ்வாறு வடக்கு நோக்கிச் சென்று செருமனியில் தன்யூபு ஆற்றுடன் கலக்கின்றது. லெக் நகராட்சியைச் சேர்ந்த சூர்ஸ் என்னும் சிற்றூர் ஏறத்தாழ 1,720 மீட்டர் உயரத்தில் உள்ளது. சுற்றியுள்ள மலைப்பகுதி ஆர்ல்பெர்க் எனப்படுகின்றது. இப்பகுதியின் சறுக்கு ஊர்திகள் சென்றடையும் மிக உயர்ந்த இடமான வல்லூகா சிகரம் ஏறத்தாழ 2,810 மீட்டர் மட்டுமே. அதாவது, லெக் பகுதியின் உச்சி செர்மாட் பகுதியின் உச்சியைவிட 1,000 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது.

இரு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 225 கி.மீ. தொலைவு உள்ளது. இவற்றிற்கிடையே வரலாற்றுத் தொடர்பு ஒன்றும் உண்டு. லெக் பகுதியில் 14 ஆம் நூற்றாண்டில் குடியேறிய வால்சர் மக்கள், மேல் வாலேப் பகுதியிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் ஆவர். மழை மிகக் குறைந்த ஒரு மலைநாட்டிலிருந்து புறப்பட்டவர்கள், பனி மிக மிகுந்த ஒரு மலைநாட்டில் ஊர் அமைத்தனர்.

அளவீட்டுச் சொற்கள்

ஒரு தலத்தின் பனியைப் பற்றிக் கூறும்போது மூன்று அளவுகள் பயன்படுகின்றன. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் படிப்பதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் எனலாம்.

* பனிப்பொழிவு: குறிப்பிட்ட காலத்தில் புதிதாக விழுந்த பனியின் உயரம். ஒரு வெண்பலகையைத் தரையில் வைத்து, 24 மணி நேரத்தில் அதன்மேல் சேர்ந்த பனியை அளவுகோலால் அளந்து, பின்னர் பலகையைத் துடைத்து மீண்டும் வைப்பர். நாள்தோறும் கிடைக்கும் அளவுகளைக் கூட்டினால் அப்பருவத்தின் மொத்தப் பனிப்பொழிவு கிடைக்கும்.
* பனி ஆழம்: அளக்கும் நேரத்தில் தரையின்மேல் கிடக்கும் பனியின் உயரம். பழைய பனியும் புதிய பனியும் இதில் அடங்கும்.
* நீர்ச் சம அளவு: பனியை உருக்கினால் கிடைக்கும் நீரின் உயரம். இது மி.மீ. அலகில் தரப்படும்.

பனி தன் எடையாலேயே அமுங்கக் கூடியது. காற்றில்லாத நேரத்தில் விழும் புதிய பனியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோகிராம் வரை இருக்கும். சில வாரங்களில் அது 200 முதல் 300 கிலோகிராம் வரை இறுகிவிடும். எடுத்துக்காட்டாக, தொடர்ந்து மூன்று நாட்களில் நாளொன்றுக்கு 30 செ.மீ. பனி விழுந்தால் பனிப்பொழிவு 90 செ.மீ. ஆகும், ஆனால் மூன்றாம் நாள் மாலையில் பனி ஆழம் அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும். ஆகவே ஒரு பருவத்தில் 7 மீட்டர் பனி பொழிந்தது என்றால், எந்த ஒரு நாளிலும் 7 மீட்டர் ஆழத்திற்குப் பனி கிடந்தது என்று பொருளன்று.

நடைமுறைக் கணக்குகளில் 1 மி.மீ. நீர் 1 செ.மீ. புதிய பனிக்குச் சமம் எனக் கொள்வர். இவ்விகிதம் நிலையானதன்று. கடுங்குளிரில் விழும் தூள்பனியில் அதே 1 மி.மீ. நீர் 1.5 செ.மீ. அல்லது அதற்கும் மேற்பட்ட பனியாக நிற்கும். உறைநிலையை ஒட்டி விழும் ஈரப்பனியில் 1 செ.மீ.க்கும் குறையும்.

ஈரக்காற்று வரும் திசை

மலையில் பனி பொழிவதற்கு ஈரமான காற்று மேலெழ வேண்டும். மேலெழும் காற்று விரிவடைந்து குளிர்கின்றது. குளிர்ந்த காற்றால் குறைந்த அளவு நீராவியையே தாங்க முடியும். மீதமுள்ள நீராவி முகிலாகி, மழையாகவோ பனியாகவோ விழுகின்றது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று அமுக்கப்பட்டு வெப்பமடைந்து உலர்ந்து விடுகின்றது. இதனால் மலையின் காற்றெதிர்ப் பக்கத்தில் பொழிவு மிகுதியாகவும், மறுபக்கத்தில் குறைவாகவும் அமைகின்றது. பொழிவு குறைந்த அம்மறுபக்கம் மழை மறைவுப் பகுதி எனப்படும்.

லெக்: ஆல்ப்ஸ் மலைகளுக்கு வடமேற்கிலிருந்து வரும் காற்று, அத்திலாந்திக் பெருங்கடலிலும் வடகடலிலும் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு வருகின்றது. பிரான்சின் வடபகுதியையும் தென்செருமனியையும் கடந்து வரும் வழியில் அதனைத் தடுக்கும் மிக உயர்ந்த மலைகள் இல்லை. ஏறத்தாழ 395 மீட்டர் உயரத்திலுள்ள போடன் ஏரியைத் தாண்டியதும், சில பத்துக் கிலோமீட்டர் தொலைவிற்குள் அது 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளின்மேல் ஏற வேண்டியுள்ளது. ஆகவே ஈரத்தின் பெரும்பகுதியை பிரெகென்சர்வால்டு, ஆர்ல்பெர்க் மலைகளில் இறக்கி விடுகின்றது. வடமேற்குக் காற்று பல நாட்கள் தொடர்ந்து வீசினால், காற்று மலையில் முட்டி நின்று இடைவிடாது பனி பொழியும். லெக்கும் அதன் வடக்கே உள்ள வார்ட் சிற்றூரும் ஆல்ப்ஸின் பனி மிகுந்த ஊர்களுள் வைத்து எண்ணப்படுவதற்கு இதுவே காரணம்.

செர்மாட்: செர்மாட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. வடமேற்குக் காற்று செர்மாட்டை அடையுமுன் பெர்ன் ஆல்ப்ஸ் மலைகளைக் கடக்க வேண்டும். மேற்கிலிருந்து வரும் காற்றை மோன் பிளாங் தொகுதியும் வாலே ஆல்ப்ஸின் மேற்குப் பகுதிகளும் தடுக்கின்றன. தெற்கிலிருந்து வரும் காற்று மான்ட்டே ரோசா, மாட்டர்ஹார்ன் ஆகியவற்றின் இத்தாலியப் பக்கத்தில் ஈரத்தை இறக்கிவிட்டே வருகின்றது. இவ்வாறு எல்லாத் திசைகளிலும் மதில் சூழ்ந்த ஊராகச் செர்மாட் உள்ளது. இங்கு மழையும் பனியும் சேர்ந்த ஆண்டு வீழ்படிவு ஏறத்தாழ 650 மி.மீ. மட்டுமே. பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் உள்ள ஸ்டால்டன் இதனினும் வறண்டது. சுவிட்சர்லாந்தின் மிக வறண்ட இடங்களுள் அதுவும் ஒன்று. லெக் ஊரின் ஆண்டு வீழ்படிவு செர்மாட்டைப் போல் இரு மடங்கிற்கும் மேலாகும்.

எனினும் செர்மாட்டிலும் பெரும் பனிப்பொழிவுகள் நிகழ்வதுண்டு. ஜெனோவா வளைகுடாப் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போது, நடுநிலக் கடலின் ஈரம் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் மலைமுகட்டைத் தாண்டிச் செர்மாட் பக்கம் வழிகின்றது. அத்தகைய நாட்களில் ஊரில் ஒரு மீட்டருக்கும் மேல் பனி விழக்கூடும். அதே நேரத்தில் லெக்கில் வெப்பமான, உலர்ந்த தென்காற்று வீசிப் பனியை உருக்கிக்கொண்டிருக்கும். இக்காற்று ஃபோன் எனப்படுகின்றது. வடமேற்குக் காற்றின்போது இந்நிலை தலைகீழாக மாறும். ஒரே வாரத்தில் இரு ஊர்களிலும் ஒரே வகையான பனிநிலை இருக்கும் என எதிர்பார்க்க இயலாது.

உயரத்தின் பங்கு

காற்றின் வெப்பநிலை சராசரியாக 100 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 0.6 பாகை செல்சியசு வீதம் குறைகின்றது. இரு ஊர்களுக்கும் இடையிலான 160 மீட்டர் வேறுபாடு ஏறத்தாழ 1 பாகைக்குச் சமம். இது சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும், சில நாட்களில் முடிவையே மாற்றவல்லது. விழும் பனி, உறைநிலை மட்டத்திற்குக் கீழேயும் சில நூறு மீட்டர் வரை உருகாமல் இறங்கும். பனி மழையாக மாறும் அந்த எல்லை 1,550 மீட்டரில் இருந்தால், லெக்கில் மழையும் செர்மாட்டில் பனியும் விழும். மழை விழுவது இரட்டை இழப்பாகும்: புதிய பனியும் சேர்வதில்லை, கிடக்கும் பனியும் கரைகின்றது.

உயரம் கூடக்கூடப் பனிப்பொழிவும் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணமும் முழுமையான உண்மையன்று. 0 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 4.8 கிராம் நீராவியைத் தாங்கும்; கழித்தல் 10 பாகையில் ஏறத்தாழ 2.4 கிராம் மட்டுமே. மிகவும் குளிர்ந்த காற்றில் பொழிவதற்கான நீர் குறைவு. எனவே மிகப் பெரும் பனிப்பொழிவுகள் கடுங்குளிரில் அன்றி, உறைநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள ஈரமான காற்றில்தான் நிகழ்கின்றன. உயரம் என்பது விழுவது பனியா மழையா என்பதையும், விழுந்தது தங்குமா என்பதையும் முடிவு செய்கின்றது. எவ்வளவு விழும் என்பதைக் காற்றின் திசையும் மலையின் அமைப்பும் முடிவு செய்கின்றன.

பனி தங்கும் காலம்

செர்மாட்டின் வலிமை பனியைத் தக்க வைப்பதில் உள்ளது. 3,000 மீட்டருக்கு மேல் குளிர்காலம் முழுவதும் விழுவது ஏறத்தாழ அனைத்தும் பனியே. ஊரின் தெற்கே உள்ள தியோடுல் பனியாறு வடக்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால், அதன்மேல் வெயில் சாய்வாகவே விழுகின்றது. பல ஆண்டுகளின் பனி அடுக்கடுக்காக அமுங்கி, காற்று வெளியேறி, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 900 கிலோகிராம் அடர்த்தியுள்ள பனிக்கட்டியாக மாறுவதால் உருவாவதே பனியாறு ஆகும். கோடையில் இப்பனியாற்றின் மேற்பகுதியிலேயே சறுக்குகின்றனர். ஐரோப்பிய நாடுகளின் தேசிய அணிகள் பல கோடைப் பயிற்சிக்காக இங்கு வருகின்றன.

லெக் பகுதியில் சறுக்குவதற்குரிய பனியாறு இல்லை. அங்கு பனி ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வந்து, கோடையில் முற்றிலும் உருகி விடுகின்றது. சறுக்குப் பருவம் பொதுவாக நவம்பர் இறுதி அல்லது திசம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏப்ரல் மாதத்தில் முடிவடையும். ஓபர்லெக் பகுதிச் சரிவுகள் பலவும் தெற்கு நோக்கியவை. மார்ச்சு மாத வெயிலில் இவை விரைவில் இளகும். ஆனால் புதிய பனி அடிக்கடி பொழிவதால், இழந்தது மீண்டும் நிரம்புகின்றது.

இதனைப் பின்வருமாறு ஒப்பிடலாம். லெக் நீர்வரத்து மிகுந்த, ஆனால் ஆண்டுதோறும் வற்றும் ஏரியைப் போன்றது. செர்மாட் நீர்வரத்துக் குறைந்த, ஆனால் முழுவதும் வற்றாத ஆழ்ந்த ஏரியைப் போன்றது.

ஒப்பீட்டு அட்டவணை

| கூறு | செர்மாட் | லெக் |
|---|---|---|
| நாடு, மாநிலம் | சுவிட்சர்லாந்து, வாலே | ஆஸ்திரியா, ஃபோரார்ல்பெர்க் |
| ஊரின் உயரம் | ஏறத்தாழ 1,610 மீ. | ஏறத்தாழ 1,450 மீ. |
| ஊர்தி செல்லும் உச்சி | 3,883 மீ. | ஏறத்தாழ 2,810 மீ. (ஆர்ல்பெர்க் பகுதி) |
| பனி தரும் முதன்மைக் காற்று | தெற்கு, தென்கிழக்கு, தென்மேற்கு | வடமேற்கு, வடக்கு |
| ஊர் மட்டப் பனிப்பொழிவு | குறைவு | மிகுதி |
| சறுக்கத்தக்க பனியாறு | உண்டு | இல்லை |
| பொழிவின் தன்மை | அரிதாக, சில நேரங்களில் மிகப் பெரிதாக | அடிக்கடி, தொடர்ச்சியாக |

விளம்பர எண்களைப் படிக்கும் முறை

சுற்றுலா விளம்பரங்களில் ஒரு தலத்தின் பனி அளவு பெரும்பாலும் ஒரே எண்ணாகத் தரப்படுகின்றது. அவ்வெண்ணை மற்றொரு தலத்தின் எண்ணுடன் ஒப்பிடும் முன் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. அளக்கப்பட்ட உயரம். ஊரில் அளந்த எண்ணையும் மலையுச்சியில் அளந்த எண்ணையும் ஒப்பிடுவது பொருந்தாது. செர்மாட்டின் பனியாற்றில் அளந்த பனி ஆழத்தை லெக் ஊரில் அளந்த ஆழத்துடன் ஒப்பிட்டால், பனிப்பொழிவு குறைந்த ஊரே பனி மிகுந்ததாகத் தோன்றும்.
2. பொழிவா, ஆழமா என்பது. மேலே விளக்கியபடி இவை இரு வேறு அளவுகள்.
3. சேர்க்கப்பட்ட மாதங்கள். 3,000 மீட்டருக்கு மேல் செப்டம்பரிலும் சூனிலும் பனி விழும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மட்டும் கூட்டிய தொகையும் ஆண்டு முழுவதும் கூட்டிய தொகையும் சமமல்ல.
4. சராசரியின் காலம். ஆல்ப்ஸில் ஓர் ஆண்டின் பனிப்பொழிவு மறு ஆண்டில் பாதியாகக் குறைவதும் இரு மடங்காவதும் இயல்பு. ஐந்து ஆண்டுச் சராசரி நம்பத் தகுந்ததன்று. வானிலையாளர்கள் பொதுவாக 30 ஆண்டுச் சராசரியைப் பயன்படுத்துவர்.
5. அளந்தவர் யார் என்பது. சுவிட்சர்லாந்தில் மீட்டியோசுவிஸ் நிறுவனமும், தாவோசில் உள்ள பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனமும் வரையறுத்த முறைப்படி அளக்கின்றன. தாவோசுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் ஆய்வுத்திடலில், 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், 1936 ஆம் ஆண்டு முதல் பனி அளக்கப்பட்டு வருகின்றது. ஆஸ்திரியாவில் இப்பணியை 2023 ஆம் ஆண்டு முதல் ஜியோஸ்பியர் ஆஸ்திரியா நிறுவனம் செய்து வருகின்றது.

பனி ஆழத்தை அளக்கும் இடமும் முதன்மையானது. காற்று பனியை மேட்டிலிருந்து பெயர்த்துப் பள்ளத்தில் குவிக்கும். ஒரே சரிவில் 50 மீட்டர் இடைவெளியில் வெறும் பாறையும் மூன்று மீட்டர்ப் பனிக்குவியலும் காணப்படலாம். ஆகவே அளவுத்திடல்கள் காற்று மறைந்த சமநிலத்திலேயே அமைக்கப்படுகின்றன.

பனிச்சரிவும் போக்குவரத்தும்

பனிப்பொழிவு மலையூர் மக்களுக்கு வருவாயை மட்டும் தருவதில்லை, உயிரையும் பறிக்கவல்லது. குறுகிய காலத்தில் பெருமளவு புதிய பனி சேரும்போது, அது பழைய பனியுடன் பிணைப்புறாமல் சரிவில் பெயர்ந்து விழும். இது பனிச்சரிவு எனப்படும். ஆண்டு மொத்தத்தைவிட, மூன்று நாட்களில் விழுந்த புதிய பனியின் அளவும் காற்றின் வேகமுமே இவ்வபாயத்தைத் தீர்மானிக்கின்றன. எனவே ஆண்டுப் பனிப்பொழிவு குறைந்த செர்மாட்டும் இதற்கு விதிவிலக்கன்று.

1954 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், லெக் அமைந்துள்ள ஃபோரார்ல்பெர்க் மாநிலத்தின் பெரு வால்சர் பள்ளத்தாக்கில் உள்ள பிளோன்ஸ் ஊரை ஒரே நாளில் பனிச்சரிவுகள் தாக்கின. அச்சிற்றூரில் மட்டும் 50க்கும் மேற்பட்டோரும், மாநிலம் முழுவதும் 100க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். 1999 ஆம் ஆண்டு பிப்ரவரியில் வடமேற்குக் காற்று வாரக்கணக்கில் தொடர்ந்து பனியைக் கொணர்ந்தது. பிப்ரவரி 23 அன்று ஆர்ல்பெர்க் பகுதியின் தெற்கே, திரோல் மாநிலத்தில் உள்ள கால்டூர் ஊரில் 31 பேரும், மறுநாள் அருகிலுள்ள வால்சூரில் 7 பேரும் பனிச்சரிவில் இறந்தனர். அதற்கு இரு நாட்கள் முன்னர், செர்மாட் அமைந்துள்ள வாலே மாநிலத்தின் எவோலேன் ஊரில் 12 பேர் இறந்திருந்தனர்.

இரு ஊர்களும் பெரும் பனியின்போது வெளியுலகத் தொடர்பை இழக்கக் கூடியவை. லெக்கிலிருந்து வடக்கே வார்ட் செல்லும் சாலை பனிச்சரிவு அபாயத்தால் குளிர்காலத்தில் மூடப்படுகின்றது. அப்பருவத்தில் ஊருக்குள்ள ஒரே சாலை, ஏறத்தாழ 1,770 மீட்டர் உயரமான ஃபிளெக்சன் கணவாய் வழியே செல்கின்றது. 1890களில் அமைக்கப்பட்ட இச்சாலையின் பல பகுதிகளுக்குக் கூரையிட்ட காப்பு வழிகள் கட்டப்பட்டுள்ளன. இவ்வழியும் மூடப்படும்போது லெக் தனித்து விடப்படுகின்றது.

செர்மாட்டிற்குள் பயணிகளின் மகிழுந்துகள் அனுமதிக்கப்படுவதில்லை. 1891 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தொடருந்துப் பாதையே ஊரின் உயிர்நாடி ஆகும். தொடக்கத்தில் இத்தொடருந்து கோடையில் மட்டுமே ஓடியது. பனிச்சரிவுக் காப்பு வழிகள் கட்டப்பட்ட பின்னர், 1930களில்தான் ஆண்டு முழுவதும் இயங்கலாயிற்று. செர்மாட் குளிர்காலச் சுற்றுலாத் தலமாக வளர்ந்ததும் அதன் பின்னரே. 2018 ஆம் ஆண்டு சனவரியில் பெரும் பனிப்பொழிவால் சாலையும் தொடருந்தும் நின்று, ஏறத்தாழ 13,000 சுற்றுலாப் பயணிகள் செர்மாட்டில் சிக்கிக்கொண்டனர். ஒரு பகுதியினர் உலங்கு வானூர்தி மூலம் வெளியேறினர். அதே மாதத்தின் பிற்பகுதியில் வாலேயின் பெரும்பகுதியில் பனிச்சரிவு அபாயம், ஐந்து படிகள் கொண்ட அளவுகோலின் உச்சமான 5 ஆம் படிக்கு உயர்த்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலும் தெற்கிலிருந்து வந்த ஈரக்காற்று பெரும் பனியைக் கொட்டியதால் செர்மாட் மீண்டும் துண்டிக்கப்பட்டது.

செயற்கைப் பனி

இரு தலங்களும் இயற்கைப் பனியை மட்டும் நம்பி இருப்பதில்லை. நுண்ணிய நீர்த்துளிகளைக் குளிர்காற்றில் பீய்ச்சி உறைய வைக்கும் இயந்திரங்கள் பயன்படுத்தப்படுகின்றன. இதற்குக் காற்று வறண்டதாக இருப்பது நல்லது. வறண்ட காற்றில் துளியின் ஒரு பகுதி ஆவியாகி, மீதமுள்ளதை மேலும் குளிர்விக்கும். இயற்கைப் பனியைக் குறைக்கும் அதே வறட்சி செயற்கைப் பனிக்கு உதவுவது செர்மாட்டிற்குக் கிடைத்த ஓர் ஆதாயம் ஆகும்.

உறைநிலைக்கு மேலும் இயங்கக்கூடிய வேறொரு வகை இயந்திரமும் செர்மாட்டில் நிறுவப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் ஆழ்சுரங்கங்களைக் குளிர்விக்க உருவாக்கப்பட்ட நுட்பத்தின் அடிப்படையில், இசுரேலிய நிறுவனம் ஒன்று இதனை வடிவமைத்தது. இதில் நீர் ஏறத்தாழ வெற்றிடமாக்கப்பட்ட கலனில் விடப்படுகின்றது. நீரின் ஒரு பகுதி ஆவியாகும்போது எஞ்சிய நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், அது பனிக்கட்டித் துகள்களாக உறைகின்றது.

காலநிலை மாற்றம்

ஆல்ப்ஸ் நாடுகளின் 2,000க்கும் மேற்பட்ட நிலையங்களின் தரவுகளைக் கொண்டு 2021 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, 1971 முதல் 2019 வரையிலான காலத்தில், 2,000 மீட்டருக்குக் கீழ் பனி மூடியிருக்கும் நாட்கள் மூன்று வாரத்திற்கும் மேல் குறைந்துள்ளதைக் காட்டியது. இரு ஊர்களும் இவ்வெல்லைக்குக் கீழேயே உள்ளன. வெப்பமான காற்று ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆதலால் தனித்தனிப் பெரும் பனிப்பொழிவுகள் மறைந்துவிடவில்லை; ஆனால் தாழ்ந்த உயரங்களில் அவற்றின் ஒரு பங்கு மழையாக மாறுகின்றது. லெக்கின் முதன்மைக் கவலை இதுவே.

செர்மாட்டின் கவலை பனியாற்றைப் பற்றியது. சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டும் தம் கன அளவில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை இழந்தன. 2022 ஆம் ஆண்டு சூலை இறுதியில் செர்மாட்டின் கோடைச் சறுக்கு இடைநிறுத்தப்பட்டது. தியோடுல் பனியாறு சுருங்கியதால் நீர்பிரி முகடு இடம் மாறி, அதனை ஒட்டி வரையப்பட்ட சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லைக் கோட்டையும் திருத்த வேண்டியதாயிற்று. இத்திருத்தம் குறித்து 2023 ஆம் ஆண்டில் உடன்பாடு காணப்பட்டு, 2024 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து ஒப்புதல் அளித்தது.

உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் போட்டிகளின் அண்மைய வரலாறு இவ்விரு தலங்களின் நிலையை நன்கு உணர்த்தும். 2022 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் செர்மாட், செர்வினியா இடையே நடைபெறவிருந்த போட்டிகள் பனி போதாமையால் கைவிடப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் லெக், சூர்சில் நடைபெறவிருந்த போட்டிகளும் அதே காரணத்தால் கைவிடப்பட்டன. பனிப்பொழிவு மிகுந்த ஊரையும் மிக உயரமான தலத்தையும் ஒரே வெப்பமான இலையுதிர் காலம் தோற்கடித்தது. மறு ஆண்டு செர்மாட்டில் பனி மிகுதியாகவே இருந்தது. ஆயினும் கடும் பனிப்பொழிவாலும் காற்றாலும் போட்டிகள் மீண்டும் கைவிடப்பட்டன. பனி இருப்பது மட்டும் போதாது, உரிய நேரத்தில் உரிய அளவில் இருக்க வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

தொகுப்பு

எந்த ஊரில் பனி மிகுதி என்ற வினாவிற்கு ஒரே விடை இல்லை. ஊர் மட்டத்தில் புதிதாகப் பொழியும் பனியை அளந்தால் லெக் முன்னிற்கின்றது. உயர் பகுதியில் தங்கும் பனியை அளந்தால் செர்மாட் முன்னிற்கின்றது. நடுக்குளிர்காலத்தில் புதிய தூள்பனியை நாடுவோர்க்கு லெக் ஏற்றது. இளவேனிலின் பிற்பகுதியிலோ கோடையிலோ சறுக்க விரும்புவோர்க்குச் செர்மாட்டின் உயரம் தேவைப்படும். இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: பெரும் பனி பொழிந்த மறுநாள், ஊருக்குச் செல்லும் வழி திறந்துள்ளதா என்பதையும் பனிச்சரிவு எச்சரிக்கையின் படியையும் பார்த்த பின்னரே எவரும் மலையேற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஆல்ப்ஸ் மலைத்தொடர்
* பனிச்சரிவு
* பனியாறு
* மழை மறைவுப் பகுதி
* மாட்டர்ஹார்ன்
* வால்சர் மக்கள்